பதினாலும் பதினைந்தும்

துறைமுகம் என்று எழுதியிருக்கிறான் யாரோ
அட்டைப்பெட்டியின் மேல் நீலப் பென்சிலால்.
ஈரோட்டுக்கு ஏது துறைமுகம்?
கடல் இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம்.
உள்ளே இருந்தவை
இரண்டு பாலங்களும் ஒரு பரிசல் துறையும்.
நான் வேலை பார்ப்பதும் துறைதான், நில அளவைத் துறை.
இங்கும் எதுவும் அக்கரை சேர நாளாகும்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு கடிகாரம்,
ஓர் உயரமானி, ஒரு குமிழ் மட்டம்.
குமிழ் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது.
அந்த நொடியில் விமானம் ஒரு தோளைச் சாய்த்திருக்க வேண்டும்.
எடுத்தவன் பெயர் எங்கும் இல்லை.
மணி ஒன்பது நாற்பத்திரண்டு. மாசி மாதம்.
காவிரி பாதிக்கு மேல் மணல்.

மேலிருந்து பார்த்தால் பாலத்துக்குக் கால் கிடையாது.
வெறும் கோடு.
தூண்களை எண்ண வேண்டுமானால்
தண்ணீரில் விழுந்த நிழலை எண்ண வேண்டும்.
ரயில் பாலத்தை இரண்டு முறை எண்ணினேன்,
இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு.

ராக்கியண்ணன் மூன்றாவது தடவையாக வந்திருந்தார்.
பள்ளிபாளையம் கரையில் நாற்பது செண்ட்,
பதினோரு வருஷ வழக்கு.
"துறைக்குப் போற வண்டித்தடம் அங்கதானுங்க இருந்துச்சு.
ஆகாசத்துல போனவனுக்குப்
பொய் சொல்லி என்னுங்க ஆகப்போகுது?"
எதிர்வாதி அவர் பங்காளி அர்த்தநாரி.
இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள்.
அவர் உள்ளே வரவில்லை,
எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

படம் பதினாலை இடப்பக்கம் வைத்தேன்,
பதினைந்தை வலப்பக்கம்.
இடையே சில நொடிகள், அரை மைல் வானம்.
இரட்டைக் கண்ணாடியை மேலே நிறுத்தி
நகர்த்தி, நகர்த்தி,
இரண்டு ஊரும் ஒரு ஊரான நொடியில்
பாலம் சட்டென்று எழுந்து நின்றது.
தென்னைகள் நிமிர்ந்தன.
ஆலைப் புகைபோக்கி என் புருவத்தைக் குத்த வந்தது.

அசையாதவை எல்லாம் தம் உயரத்தில் நின்றன.
அசைந்தவைதான் சிக்கல்.
விமானம் போன திசையிலேயே போன ஒரு லாரி
பாலத்தை விட்டு இறங்கி
ஆற்றுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.
எதிர்த்திசையில் வந்த பரிசல்
தண்ணீரை விட்டு எழும்பி
காற்றில் நின்றது.
கருவியின் குறை இல்லை, கணக்கின் குணம் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
பரீட்சையிலும் அப்படியே எழுதினேன்.

"பாருங்க" என்று நாற்காலியைக் கொடுத்தேன்.
முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.
பிறகு மூச்சு ஒரு தரம் நின்றது.
"ஏனுங் அம்மிணி, பரிசல் தொங்குதுங்க."
நேரம் போனது.
"மூணு பேர் இருக்கறாங்க. ஒரு சைக்கிளும் இருக்குங்களா?"
இருக்கலாம் என்றேன். அது ஒரு கீறலாகவும் இருக்கலாம்.

தடம்?

தடம் இருக்க வேண்டிய இடத்தில்
துணி காய்கிறது.
சாயப் பட்டறைக்காரர்கள் அந்தக் காலையில்
கரை முழுக்க விரித்துவிட்டிருக்கிறார்கள்,
நூறு கெஜம், இருநூறு கெஜம்.
சிவப்போ பச்சையோ, படத்துக்கு எல்லாம் சாம்பல்.
நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறார்கள், பறக்காமல்.
இன்னும் ஒரு மணி நேரம் கழித்து விமானம் வந்திருந்தால்
மடித்து எடுத்துப் போயிருப்பார்கள்.

"துணி விரிக்கப்பட்டுள்ளமையால்
தடம் உண்டா இல்லையா எனப் புலப்படவில்லை."
முத்திரை வைத்தேன். கட்டணம் நூற்றிருபது.
ராக்கியண்ணன் காகிதத்தைப் படிக்காமலே மடித்தார்.
இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார்.
பார்த்தார்.

ஜன்னல் வழியாகத் தெரிந்தது,
அவர் சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனது.
அர்த்தநாரி எழுந்திருக்கவில்லை.
பேச்சு கேட்கவில்லை எனக்கு.
ஒரு கையில் கிளாஸ்,
மறு கையை விரித்துப் பெஞ்சுக்கு மேலே
ஒரு சாண் உயரத்தில் அசையாமல் பிடித்து
எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.
அர்த்தநாரி குனிந்து
அந்தக் கைக்கு அடியில் பார்த்தார்.